பாவையும் பார்வையும்: பூனையின் கண்ணை எழுதியோர்

கண்ணின் நடுவேயுள்ள கருவட்டத்தைத் தமிழர் ‘பாவை’ என்று அழைத்தனர். ஒருவர் கண்ணை மற்றொருவர் அருகிருந்து நோக்கும்போது, நோக்குபவரின் சிற்றுருவம் அங்கே ஒரு பொம்மையைப் போலத் தோன்றுகிறது. அதனால் அமைந்த பெயர் அது. இலத்தீன் மொழியிலும் அவ்வட்டத்திற்குச் ‘சிறுமி’, ‘பொம்மை’ எனப் பொருள்படும் ‘பூப்பில்லா’ என்ற சொல்லே வழங்கிற்று. தொலைவில் வழங்கிய இரு மொழிகள் ஒரே செய்தியைச் சொல்கின்றன. பிறருடைய கண்ணுக்குப் பெயர் சூட்டும் வேளையிலும் மனிதன் அதில் தன் உருவத்தையே கண்டிருக்கிறான்.

ஐரோப்பிய எழுத்தாளர் சிலர் பூனையின் கண்ணைக் குறித்து எழுதியவற்றைப் படிக்கும்போது இந்தச் சொல்லாராய்ச்சி மீண்டும் மீண்டும் மனத்தில் எழுகிறது. பூனையின் கண் அவர்களுள் பலரை ஈர்த்திருக்கிறது. கவிஞர் அதைப் பாடினர். மெய்யியலார் அதன்முன் நின்று சிந்தித்தனர். ஆயினும் அவர்கள் கண்டது பூனையின் பார்வையையா, அதில் நிழலாடிய தம் பாவையையா? இக்கேள்வியை முன்வைத்து அவ்வெழுத்துகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பூனையைப் பற்றிய சிறு கேள்வியாக இது தோன்றலாம். ஆனால் பேச இயலாத ஓருயிரின் முகத்தை நாம் எவ்வாறு படிக்கிறோம் என்பது, பேச இயன்றும் பேசாதிருக்கும் மனிதரை நாம் எவ்வாறு படிக்கிறோம் என்பதற்கும் சான்றாகிவிடும்.

கடிகாரமான கண்

பிரெஞ்சுக் கவிஞர் சார்ல் போதலேர் 1857-ஆம் ஆண்டில் ‘கடிகாரம்’ என்னும் உரைநடைக் கவிதையை வெளியிட்டார். சீன நாட்டார் பூனையின் கண்ணைப் பார்த்து நேரம் அறிவர் என்ற செய்தியோடு அது தொடங்குகிறது. நான்கிங் நகரின் புறத்தே உலவும் மறைபோதகர் ஒருவர், தம் கைக்கடியாரத்தை மறந்து வந்ததை உணர்ந்து ஒரு சிறுவனிடம் நேரம் கேட்கிறார். சிறுவன் பெரிய பூனையொன்றைத் தூக்கிவந்து, அதன் கண்ணை உற்றுநோக்கி, நண்பகல் இன்னும் ஆகவில்லை என்கிறான்.

இந்நிகழ்ச்சி கவிஞரின் கற்பனையில் பிறந்ததன்று. புனித வின்சென்ட் தே பவுல் நிறுவிய சபையைச் சேர்ந்த எவரிஸ்ட் ஊக் அடிகளார் (1813–1860) சீனாவில் மறைப்பணி ஆற்றியவர். 1854-இல் வெளிவந்த ‘சீனப் பேரரசு’ என்னும் தம் நூலில் அவர் இதனைப் பதிவுசெய்திருக்கிறார். உழவரான கிறித்தவக் குடும்பங்களைக் காணச் சென்ற வழியில், மேகம் மூடியிருந்த ஒரு நாளில், ஒரு சிறுவனிடம் நண்பகல் ஆயிற்றா எனக் கேட்டதும், அவன் பூனையைக் கொணர்ந்ததும் அவரது அனுபவம். அவ்வூர் மக்கள் அவருக்குப் பல பூனைகளின் கண்களைக் காட்டி விளக்கினர். கதிரவன் ஏற ஏறக் கண்மணி ஒடுங்கும். நண்பகலில் செங்குத்தான மயிரிழைபோல் ஆகும். பின்னர் மீண்டும் விரியும். கடிகாரத் தொழிலுக்குக் கேடு வருமோ என்றஞ்சி இதை வெளியிடத் தயங்கியதாக அடிகளார் வேடிக்கையாகவும் எழுதுகிறார்.

அவர்கள் கண்டதில் உண்மை உண்டு. பூனையின் கண்மணி ஒளிக்கு மிகக் கூர்மையாக இயங்குவது. மனிதக் கண்மணி முழுதும் ஒடுங்கிய நிலையிலிருந்து முழுதும் விரியும்போது அதன் பரப்பு ஏறத்தாழ 15 மடங்காகிறது. வீட்டுப் பூனையின் கண்மணியோ 135 மடங்காகிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. செங்குத்துப் பிளவாக அமைந்த கண்மணி, பதுங்கியிருந்து இரை தேடும் சிறு விலங்குகளுக்கு ஏற்றது என்பதும் அவ்வாய்வின் முடிவு. எனினும் பூனையின் கண் காட்டுவது ஒளியின் அளவை, நேரத்தை அன்று. அச்சமோ கிளர்ச்சியோ ஏற்பட்டால் நண்பகலிலும் அது விரியும். ஆகவே அந்தக் ‘கடிகாரம்’ சில வேளைகளில் பூனையின் மனநிலையையும் சேர்த்தே காட்டும்.

போதலேர் இவ்வளவில் நிற்கவில்லை. சிறுவனையும் பூனையையும் விட்டுவிட்டு, ‘ஃபெலின்’ என்று பூனை இனத்தின் பெயரையே தாங்கிய தம் காதலியிடம் செல்கிறார். அவள் கண்களில் நிமிடமும் நொடியுமாகப் பகுக்கப்படாத ஒரே நேரத்தை, நித்தியத்தைக் காண்பதாகக் கூறுகிறார். முடிவில், இது சற்று மிகையான புகழ்மொழிதானே என்று தம்மையே எள்ளவும் செய்கிறார். அந்தத் தன்னெள்ளல் கவிதையைக் காப்பாற்றுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பூனை எங்கே போயிற்று? கவிதையின் நடுவழியில் அது கைநழுவிவிட்டது. அடிகளாரின் பயணக்குறிப்பில் நாட்டுப்புற மக்கள் ஒரு விலங்கின் கண்ணை உண்மையாகவே பார்த்தனர். கவிஞரின் கையில் அந்தப் பார்வை ஓர் உவமையின் படிக்கட்டாகிவிட்டது.

இதே போக்கு போதலேரின் பூனைக் கவிதைகள் பிறவற்றிலும் தெரிகிறது. 1857-இல் வந்த ‘தீமையின் மலர்கள்’ தொகுப்பில் மூன்று கவிதைகள் பூனையைப் பெயரிலேயே கொண்டவை. ஒன்றில், உலோகமும் மணிக்கல்லும் கலந்தாற்போன்ற கண்கள் காதலியின் பார்வையை நினைவூட்டுகின்றன. மற்றொன்றில், பூனையிடமிருந்து பார்வையைத் திருப்பித் தமக்குள்ளே நோக்கும் கவிஞர், அதன் வெளிறிய கண்மணிகளின் நெருப்பு அங்கிருந்து தம்மை உற்றுநோக்கக் கண்டு வியக்கிறார். பூனையின் கண் தம் உள்ளத்தில்தான் இருக்கிறது என்று கவிஞரே வாக்குமூலம் தருகிறார் எனலாம். மூன்றாவதான ‘பூனைகள்’ என்னும் பதினான்கடிப் பாட்டை 1962-இல் ரோமன் யாக்கப்சனும் குளோத் லெவி-ஸ்ட்ராஸும் சேர்ந்து சொல் சொல்லாகப் பிரித்து ஆராய்ந்தனர். எதுகை, இலக்கணம், ஒலி என எதையும் அவர்கள் விடவில்லை. திறனாய்வு வரலாற்றில் புகழ்பெற்ற கட்டுரை அது. அதன் நுட்பத்தை வியக்கும் நாம், பூனைகளைப் பற்றிய பாட்டில் பூனைக்கு எவ்வளவு இடமுண்டு என்ற எளிய கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். அறிஞருக்கும் காதலருக்கும் தோழராய், பாலைநிலத்துச் சிலைகளின் சாயலாய், கண்களில் பொன்துகள் மினுங்க அவை அமர்ந்திருக்கின்றன. அவை எதையும் பார்ப்பதாகப் பாட்டில் குறிப்பில்லை. பார்க்கப்படுவதே அவற்றின் தொழில்.

இரு கண்கள், இரு கவிதைகள்

ரைனர் மரியா ரில்கே, பாரிசு நகரில் சிற்பி ரோதானிடம் செயலராகப் பணியாற்றியவர். பொருள்களைப் பொறுமையோடு உற்றுநோக்கும் பயிற்சியை அச்சிற்பியிடம் கற்றவர். பூனைக் குடும்பத்து விலங்குகளின் கண்ணை மையமாக வைத்து அவர் எழுதிய இரண்டு கவிதைகளை அருகருகே வைத்துப் படிப்பது பயன்தரும்.

1908-இல் வெளிவந்த தொகுப்பிலுள்ள ‘கருப்புப் பூனை’ என்னும் கவிதையில், எத்துணைக் கூரிய பார்வையும் அக்கரிய உரோமத்தில் பட்டுக் கரைந்துபோகிறது. தன்மேல் விழுந்த பார்வைகள் அனைத்தையும் பூனை தனக்குள் சேமித்து வைத்திருப்பதுபோல் இருக்கிறது. திடீரென அது முகத்தைத் திருப்புகிறது. அப்போது அதன் மஞ்சள் விழியில் நாம் நம் பார்வையையே காண்கிறோம். அது நிமிளையில் சிக்கி மடிந்த பண்டைய பூச்சிபோல் அங்கே சிறைப்பட்டிருக்கிறது. கண்ணில் தெரியும் பாவை என்னும் பழைய எண்ணத்திற்கு இதனினும் அச்சமூட்டும் வடிவத்தை யாரும் தந்ததில்லை. ரில்கேயின் நேர்மையும் இங்கே பாராட்டத்தக்கது. தாம் கண்டது தம்மைத்தான் என்று அவர் மறைக்காமல் சொல்கிறார்.

ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எழுதி, 1907-இன் தொகுப்பில் சேர்த்த ‘சிறுத்தை’ என்னும் கவிதையில் அவர் எதிர்த்திசையில் சென்றிருந்தார். பாரிசின் உயிரியல் பூங்காவில் கம்பிகளுக்குப் பின்னே சுற்றிச்சுற்றி நடக்கும் விலங்கு அது. கடந்து கடந்து செல்லும் கம்பிகளால் அதன் பார்வை களைத்துவிட்டது. எப்போதாவது கண்மணியின் திரை ஓசையின்றி விலகுகிறது. ஒரு காட்சி உள்ளே நுழைகிறது. இறுகிய உறுப்புகளின் மௌனத்தினூடே சென்று, இதயத்தில் இல்லாமற் போகிறது. இங்கே கவிஞரின் உருவம் எங்கும் இல்லை. விலங்கின் கண் எதைப் பெறுகிறது, பெற்றதற்கு என்ன நேர்கிறது என்பதே அவரது கவலை. பன்னிரண்டு அடிகளில் அடைபட்ட உயிரொன்றின் துயரம் முழுவதும் புலனாகிவிடுகிறது. ‘கருப்புப் பூனை’ நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. ‘சிறுத்தை’ நம்மை இரங்கச் செய்கிறது. இரண்டுள் எது பெரிது என்று கேட்டால், இரண்டாவதே என்பது என் துணிபு. அங்கேதான் கண்ணாடி சன்னலாகிறது.

பூபரின் பூனை

யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் (1878–1965) 1923-இல் வெளியிட்ட ‘நானும் நீயும்’ என்னும் சிறுநூல் கிறித்தவ இறையியலாரிடையே ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது. மனிதன் எதையும் இரு வகையில் அணுகலாம் என்பது அதன் அடிப்படை. ஒன்று, ‘அது’ என்று பொருளாக்கிப் பயன்கொள்வது. மற்றொன்று, ‘நீ’ என்று முழுமையாக எதிர்கொள்வது. இந்த உயர்ந்த கருத்தை விளக்க வந்தவர், நூலின் ஒரு பகுதியில், வீட்டுப் பூனையொன்றின் கண்களைத் தாம் சில வேளைகளில் நோக்குவதுண்டு என்று எழுதுகிறார்.

விலங்கின் கண்ணுக்கு ஒரு பெருமொழியின் ஆற்றல் உண்டு என்பது அவர் கருத்து. வீட்டு விலங்குகளுக்குப் ‘பேசும் பார்வையை’ மனிதன் அளித்தான் என்று நாம் எண்ணிக்கொள்வதை அவர் மறுக்கிறார். நம்மிடமிருந்து அவை பெற்றது, நம்மை நோக்கிப் பார்வையைத் திருப்பும் திறன் மட்டுமே. அதற்கும் தம் இயல்பான பற்றின்மையை அவை விலையாகக் கொடுத்துவிட்டன. பிறகு பூபர் அந்தப் பூனையின் பார்வையில் ஒரு கேள்வி உதிப்பதைக் காண்கிறார்: என்னை நீ உண்மையாகவே கருதுகிறாயா, உனக்கு நான் ஒரு பொருட்டா என்பதுபோன்ற கேள்வி அது. கதிரவன் உதித்த கணத்திலேயே மறைவதுபோல அந்தப் பார்வை மங்கி மறைகிறது. பூனை தன் பழைய அமைதியின்மைக்குள் திரும்பிவிடுகிறது.

இப்பகுதியின் அழகு மறுக்க முடியாதது. ஆயினும் ஒரு தடையை எழுப்பாமல் இருக்க இயலவில்லை. பூனை கேட்பதாகப் பூபர் செவிமடுக்கும் கேள்வி, பூபரின் கேள்வி. ‘உனக்காக நான் இருக்கிறேனா’ என்று ஏங்குவது மனித உள்ளம். பூனை அவ்வாறு ஏங்குகிறது என்பதற்குச் சான்றேதும் அவர் காட்டவில்லை. பூனையின் கண்ணை எதிர்கொண்ட மெய்யியலும், கவிதையைப் போலவே, முதலில் தன் பாவையைக் கண்டுகொண்டது.

எனினும் பூபரைப் போதலேரோடு ஒருங்கே எண்ணிவிடலாகாது. அவர் அந்தக் கணம் முடிந்துவிட்டதையும் எழுதினார். ‘நீ’ என்ற உறவு நிலைக்கவில்லை, மீண்டும் ‘அது’வாகத் தாழ்ந்தது என்று ஒப்புக்கொண்டார். தமக்குப் பதினொரு வயதாக இருந்தபோது நிகழ்ந்த ஒன்றையும் வேறோரிடத்தில் அவர் எழுதியிருக்கிறார். பாட்டனாரின் பண்ணையிலிருந்த குதிரையைத் தடவிக்கொடுப்பது சிறுவனுக்குப் பேரின்பம். குதிரையும் அவன் வரும்போது மெல்லத் தலையை உயர்த்தும். ஒருநாள் தடவுகையில், இது தனக்கு எவ்வளவு இன்பமாயிருக்கிறது என்ற எண்ணம் எழ, அவன் திடீரெனத் தன் கையை உணர்ந்தான். மறுநாள் அவன் சென்றபோது குதிரை தலையை உயர்த்தவில்லை. தன்னை நோக்கிய கணத்தில் உறவு அறுந்தது என்பதே பூபர் இதிலிருந்து பெற்ற பாடம். அந்தப் பாடத்தைக் கொண்டே அவரது பூனைப் பகுதியை நாம் மதிப்பிடலாம். பூனையின் கண்முன்னும் அவர் சற்றே தம் கையை உணர்ந்துவிட்டார். ‘நானும் நீயும்’ நூலுக்கு 1957-இல் எழுதிய பின்னுரையில், விலங்கோடு அமையும் உறவை நேர்எதிர் உறவின் ‘வாயிற்படி’ என்று அவர் குறிப்பிட்டது இங்கு நினைவுகூரத்தக்கது. வாயிற்படியில் நிற்பவர் உள்ளே என்ன நிகழ்கிறது என்று அறுதியிட்டுச் சொல்வதில்லை.

வெட்கமும் ஆவலும்

1997-இல் பிரான்சின் செரிசி என்னுமிடத்தில் நடந்த கருத்தரங்கில் மெய்யியலாளர் ழாக் தெரிதா ஆற்றிய நீண்ட உரை, 2006-இல் நூலாக வெளிவந்தது. குளியலறையில் ஆடையின்றி நின்றபோது தம் வீட்டுப் பூனை தம்மைப் பார்ப்பதையும், அப்போது தமக்குள் எழுந்த வெட்கத்தையும், அவ்வெட்கத்தை எண்ணி எழுந்த மற்றொரு வெட்கத்தையும் அவர் விரித்துரைக்கிறார். இது உவமையன்று, உருவகமன்று, உண்மையான ஒரு சிறு பூனை என்று அவர் வலியுறுத்துகிறார். தெக்கார்த் முதல் லெவினாஸ் வரை மெய்யியலார் விலங்கைப் பார்த்தார்களேயன்றி, விலங்கால் தாம் பார்க்கப்படுவதைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது அவரது குற்றச்சாட்டு. தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் உயிர்களுக்கெல்லாம் பெயரிடும் பகுதியையும் அவர் எடுத்தாராய்கிறார். பெயரிட்டவன் அதனாலேயே அறிந்தவனாகிவிடுவதில்லை என்பதை அவ்வாய்வு நமக்கு உணர்த்துகிறது.

வலிமை வாய்ந்த உரை அது. ஆயினும் அதில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அதைச் சுட்டியவர் அமெரிக்க அறிஞர் டோனா ஹாரவே. 2008-இல் வெளியிட்ட நூலில் அவர் எழுப்பிய கேள்வி எளியது: அன்று காலையில் அந்தப் பூனை உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தது, எதை உணர்ந்தது, எதற்காகப் பார்த்தது என்று அறிய தெரிதா ஏன் ஆவல் கொள்ளவில்லை? தம் வெட்கத்தை நூறு மடிப்புகளாக விரித்தவர், பூனையின் பார்வையை ஒரு மடிப்பும் விரிக்கவில்லை. ஹாரவேயின் இந்தக் கண்டனம் தெரிதாவுக்கு மட்டும் உரியதன்று. நாம் இதுவரை கண்டவர்களுள் பெரும்பாலோர்க்கும் அது பொருந்தும்.

மூடும் கண்ணின் மொழி

அப்படியாயின், பூனை தன் கண்ணால் சொல்வதுதான் என்ன? பூனைகளுக்கிடையே இமையாமல் உற்றுநோக்குவது நட்பின் அடையாளமன்று. பெரும்பாலும் அது அச்சுறுத்தல். ஒன்றையொன்று விரட்ட முனையும் இரு பூனைகள் அசையாமல் முறைத்து நிற்பதை நாம் தெருவில் காண்கிறோம். நிம்மதியாயிருக்கும் பூனையோ இமைகளை மெல்லத் தாழ்த்துகிறது, பாதி மூடுகிறது, சற்றுநேரம் அப்படியே சுருக்கிவைக்கிறது அல்லது முழுவதும் மூடுகிறது. பூனை வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்திருந்த இதனை, 2020 அக்டோபரில் டாஸ்மின் ஹம்ஃப்ரி, லீயன் புரூப்ஸ், கேரன் மெக்கோம்ப் முதலியோர் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு சோதித்துப் பார்த்தது.

முதற் சோதனையில் 14 வீடுகளைச் சேர்ந்த 21 பூனைகள் இடம்பெற்றன. உரிமையாளர் பூனையின்முன் அமர்ந்து மெல்ல இமை தாழ்த்தியபோது, அவ்வாறு செய்யாத வேளையைவிட, பூனைகளும் பாதியிமைத்துக் கண் சுருக்குவது மிகுந்திருந்தது. இரண்டாம் சோதனையில் 24 பூனைகளின்முன் அவற்றுக்கு அறிமுகமில்லாத ஆய்வாளர் அமர்ந்தார். உணர்ச்சி காட்டாத முகத்தோடு இருந்தபோதைவிட, இமை தாழ்த்தியபின் அவர் நீட்டிய கையை நோக்கிப் பூனைகள் நெருங்கி வருவது கூடுதலாயிருந்தது. முன்பின் அறியாதவரும் முறையறிந்து வணங்கினால் வீட்டார் வரவேற்பதை ஒத்தது இது.

இதையும் மிகைப்படுத்தலாகாது. பூனைகளின் எண்ணிக்கை சிறிது. அந்த இமைப்பு எவ்வாறு தோன்றியது என்பதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உள்ளன. முறைக்கும் பார்வையின் அச்சுறுத்தலைத் துண்டிக்கும் செயலாக அது பிறந்திருக்கலாம். மனிதர் விரும்பி மறுமொழி தருவதால் வளர்ந்திருக்கலாம். காப்பகங்களிலுள்ள பூனைகளைக் குறித்து அதே குழுவினர் நடத்திய மற்றோர் ஆய்வில், மனிதரின் இமைப்புக்கு மறுமொழியாகக் கண் சுருக்கிய பூனைகளை மக்கள் விரைவில் தத்தெடுத்துச் சென்றனர் என்று தெரியவந்தது. மனிதரைக் கண்டு மிரளும் பூனைகளும் அவ்வாறே நெடிது கண் சுருக்கும் போக்குக் காணப்பட்டது. எனவே இதை ‘பூனையின் புன்னகை’ என்று ஒரே சொல்லால் முடித்துவிட்டால், நாமும் போதலேரின் பிழையையே செய்தவராவோம். மகிழ்ச்சியும் இதில் இருக்கலாம். ‘என்னைத் துன்புறுத்தாதே’ என்ற வேண்டுதலும் இருக்கலாம்.

இங்கே ஒன்று நம் கவனத்திற்குரியது. இதுவரை கண்ட எழுத்தாளர் அனைவரும் வியந்தது திறந்த கண்ணை. பொன்துகள், நெருப்பு, நிமிளை, உதயம் என்ற உவமைகளெல்லாம் அகல விரிந்த விழிக்கு உரியவை. ஆனால் மனிதரோடு பூனை நடத்தும் அமைதியான உரையாடல் விழி மூடுவதில் நிகழ்கிறது. மூடும் கண்ணில் பாவை தெரியாது. பார்ப்பவர் தம்மைக் காண அங்கே இடமில்லை. அதனாலேயே அதனை யாரும் பாடவில்லை போலும்.

நம்மவரும் இதற்கு விலக்கல்லர். பூனை கண்ணை மூடினால் பூலோகமே இருண்டுவிடுமா என்ற பழமொழி, கண் மூடிப் பாலருந்தும் பூனையின் அறியாமையை எள்ளுகிறது. மனிதரின் தன்னேமாற்றைக் கண்டிக்க அது நல்ல பழமொழிதான். பூனையைப் பொறுத்தவரை அது நேர்மையான சாட்சி ஆகாது. அது கண்ணை மூடுவது எதிரே நிற்பவரை இல்லையென்று ஆக்குவதற்காக அன்று. பல வேளைகளில் எதிரே நிற்பவர்க்குச் சொல்லும் செய்தியாகவே மூடுகிறது.

ஸ்மார்ட் கண்ட ஜெஃப்ரி

பாவையை விலக்கிப் பூனையைக் கண்ட எழுத்தாளர் எவருமில்லையா? ஒருவர் உண்டு. அவர் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் கிறிஸ்டஃபர் ஸ்மார்ட். மனநோயர் இல்லத்தில் அடைபட்டிருந்த காலத்தில், 1759-க்கும் 1763-க்கும் இடையே, ‘ஆட்டுக்குட்டியில் அகமகிழுங்கள்’ என்று பொருள்படும் இலத்தீன் தலைப்பில் நீண்டதொரு புகழ்ப்பாடலை எழுதினார். ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் கையெழுத்துப்படியாகவே கிடந்த அது, 1939-இல்தான் அச்சேறியது. படைப்பனைத்தையும் இறைவனைப் புகழ அழைக்கும் அப்பாடலின் ஒரு பகுதி, ஜெஃப்ரி என்னும் அவரது பூனைக்கு உரியது.

அப்பகுதியில் ஸ்மார்ட் செய்வது என்ன? பூனை காலையில் முதலில் எதைச் செய்கிறது, இரண்டாவதாக எதைச் செய்கிறது என்று பத்துவரை வரிசையிடுகிறார். முன்னங்கால்கள் தூய்மையாயிருக்கின்றனவா என்று அது பார்ப்பதையும், உடலை நீட்டி நிமிர்வதையும், தன்னை நக்கித் தூய்மை செய்வதையும், உருள்வதையும், இரை தேடிப் புறப்படுவதையும் குறிக்கிறார். அதன் கண்ணைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு: இருளின் ஆற்றல்களை அது தன் ஒளிரும் கண்களால் எதிர்க்கிறதாம். ஆனால் அக்கண்ணுக்குள் தம்மைத் தேடி அவர் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணும் காலும் வாலும் நாவும் சேர்ந்த முழு உயிரொன்று தன் இயல்பின்படி வாழ்வதே ஒரு வழிபாடு என்று அவர் கண்டார். உலகம் அறிவிழந்தவர் என ஒதுக்கிய ஒருவரே பூனையை இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறார் என்பது சிந்திக்கத்தக்கது.

ஸ்மார்ட்டின் பாடலில் குறையில்லை என்பதன்று. பல வரிகள் புலப்படாதவை. சில வெறும் சொல்விளையாட்டு. கவிதைக் கட்டுக்கோப்பில் ரில்கேயின் ‘சிறுத்தை’ அதனினும் உயர்ந்தது. எனினும் நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இவ்விரு படைப்புகளே நிறைவான விடை தருகின்றன. ஒன்று விலங்கின் கண்வழியே அதன் துயரத்தை நோக்கிச் சென்றது. மற்றொன்று கண்ணில் தேங்கிவிடாமல் அதன் செயல்களையெல்லாம் தொடர்ந்தது. போதலேரிடம் ஒளி மிகுதி, பூனை குறைவு. பூபரிடம் ஏக்கம் மிகுதி. ஆயினும் தம் ஏக்கத்தின் எல்லையை அவர் அறிந்திருந்தார். தெரிதாவிடம் நாணம் மிகுதி, ஆவல் குறைவு.

இத்தகைய மதிப்பீடு இலக்கியத்தோடு நின்றுவிடுவதன்று. படுக்கையில் கிடக்கும் முதியவரின் கண்ணிலும், பேச்சு வராத குழந்தையின் கண்ணிலும், வேற்று மொழி பேசும் தொழிலாளியின் கண்ணிலும் நாம் எதை வாசிக்கிறோம்? அவர் நன்றி சொல்கிறார் என்றோ, நம்மைக் குறைகூறுகிறார் என்றோ விரைந்து முடிவு கட்டிவிடுகிறோம். பல வேளைகளில் அது நம் பாவையே. பூனையின் இமைப்பைச் சோதித்த ஆய்வாளர் கையாண்ட முறை நமக்கும் பொருந்தும். அவர்கள் முதலில் தங்கள் இமையைத் தாழ்த்தினர். கையை நீட்டிவிட்டுக் காத்திருந்தனர். வருவதும் வராததும் பூனையின் விருப்பம் என்று விட்டனர்.

திருக்குறளின் காமத்துப்பாலில், காதற்சிறப்பைக் கூறும் அதிகாரத்தில், தலைவன் தன் கண்மணியிலுள்ள பாவையை அங்கிருந்து அகலுமாறு வேண்டுகிறான். தான் விரும்பும் தலைவிக்கு அங்கே இடம் போதவில்லை என்பது அவன் சொல்லும் காரணம். காதலுக்காகச் சொல்லப்பட்ட அந்தச் சொல், பிற உயிரைப் பார்க்கும் கலைக்கும், பிறர் எழுத்தைப் படிக்கும் கலைக்கும் இலக்கணமாகும். பாவை விலகாதவரை, கண்ணில் வேறு எவருக்கும் இடமில்லை.